கடைசி வாசனை யாருக்கு?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். கடையில் ஒரு சென்ட் பாட்டில் வாங்க நீங்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வீர்கள்?

புடவை என்றால் இரண்டு மணி நேரம் என்று எல்லோரும் கிண்டல் செய்கிறோம். கால் கிலோ கத்திரிக்காய்க்கே ஐந்து நிமிஷம் ஆகிறது. காம்பு பச்சையாக இருக்கிறதா, எங்காவது சொத்தையா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். சென்ட்டுக்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. கடையில் நிற்கும் பெண் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையில் 'புஸ்' என்று அடிக்கிறார். காற்றில் இரண்டு தடவை விசிறிவிட்டு நம் மூக்குக்கு நேரே நீட்டுகிறார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு. 'ஆஹா!' முடிந்தது. கார்டைத் தேய்த்தாச்சு.

நானும் அப்படித்தான் வாங்கினேன். எங்கள் பதினெட்டாவது கல்யாண நாளுக்கு, மனைவிக்காக. சென்னையில் ஒரு ஷாப்பிங் மால். வாங்கியது ஷனேல் கம்பெனியின் 'கேப்ரியேல்'. விலையை இங்கே எழுதப் போவதில்லை. ஆடிட்டராக இருக்கும் என் கல்லூரி நண்பனிடம் சொன்னபோது, "எத்தனை லிட்டர்?" என்று கேட்டான்.

கோகோ ஷனேல் என்று உலகம் கொண்டாடும் அந்த அம்மணியின் நிஜப் பெயர் கேப்ரியேல். அந்தப் பெயரில் 2017-ல் வந்த சென்ட் இது. தயாரித்தவர் ஒலிவியே போல்ஜ். அவருக்கு முன்னால் அதே கம்பெனியில் அதே வேலையைப் பார்த்தவர் அவருடைய அப்பா. அரசியலில் மட்டும்தான் வாரிசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

இதை 'வெள்ளைப் பூ' வகை என்கிறார்கள். மல்லிகை, ஆரஞ்சுப் பூ, இலாங் இலாங், சம்பங்கி என்று நாலு பூக்கள். சம்பங்கி நமக்குத் தெரியும். கல்யாண மாலையில் தொடுப்பார்களே, அதுதான். இலாங் இலாங் மட்டும் கொஞ்சம் மஞ்சள். நம்ம மனோரஞ்சிதத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். வெள்ளைப் பூ என்பது நிறத்தைவிட வாசனையின் ஜாதி. கனமான, இனிப்பான, ராத்திரியில் கூடும் வாசனை. இந்த மாதிரிப் பூக்களில் பலவற்றுக்கு வாடிக்கையாளர்கள் பகலில் வரும் தேனீக்கள் அல்ல, இருட்டில் வரும் அந்துப்பூச்சிகள். இருட்டுக்குள் கடை போட்டவனுக்கு கலர் போர்டால் என்ன பிரயோஜனம்? வாசனைதான் விளம்பரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடையில் எனக்கு அடித்தது பூ வாசனை இல்லை. கமலா ஆரஞ்சை உரிக்கும்போது தோலிலிருந்து கண்ணில் தெறிக்குமே, அந்த வாசனை. மனசு சட்டென்று லேசாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் என் மணிக்கட்டை நீட்டி அங்கேயும் ஒருமுறை அடிக்கச் சொன்னேன். அதே ஆரஞ்சு. வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டில் பாட்டில் திறக்கப்பட்டது. மனைவி கழுத்தருகே ஒரு அழுத்து, மணிக்கட்டில் ஒரு அழுத்து. ப்ளஸ் டூ படிக்கும் மகள், "அப்பா, செம!" என்றாள். ஹோட்டலுக்குக் கிளம்பினோம். அரை மணி நேரத்தில் மனைவி மணிக்கட்டை முகர்ந்துவிட்டுக் கேட்டார்: "என்னங்க, ஆரஞ்சு எங்கே போச்சு?"

நானும் முகர்ந்தேன். ஆரஞ்சைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பூக்கடையே உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டு முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. இப்போது பூவும் ஒதுங்கிவிட்டது. காய்ச்சிய பால் மாதிரி, சந்தனக் கட்டையை வைத்திருந்த பெட்டி மாதிரி, துவைத்து மடித்த பருத்திப் புடவை மாதிரி... பெயர் சொல்ல முடியாத ஒரு வாசனை.

"மூணு வந்தாச்சு. இதுல நீங்க எனக்கு வாங்கிக்கொடுத்தது எது?" என்றார் மனைவி.

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் போனது.

நான் படித்தது பி.காம். எந்தப் பிரச்னை வந்தாலும் முதலில் மெர்க்கன்டைல் லா ஞாபகத்துக்கு வரும் கெட்ட பழக்கம் உண்டு. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், 17-வது பிரிவு. மாதிரி காட்டி விற்பது பற்றியது. காட்டிய மாதிரியும் கொடுத்த சரக்கும் தரத்தில் ஒத்துப்போக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குகிறவனுக்கு நியாயமான வாய்ப்பு தரவேண்டும். நியாயமாகப் பரிசோதித்தாலும் மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத குறை எதுவும் சரக்கில் இருக்கக் கூடாது. அரிசி மண்டியில் குத்தூசியை மூட்டைக்குள் விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்துக் காட்டுவார்களே, அந்த வியாபாரத்துக்கான சட்டம்.

இந்தச் சட்டப்படி கடைக்காரர் மேல் குற்றமே கிடையாது. பட்டையில் அடித்த திரவமும் பாட்டிலில் இருக்கும் திரவமும் ஒன்றேதான், சொட்டுக்குச் சொட்டு. ஆனால், நான் முகர்ந்து பார்த்தது பதினைந்து நிமிஷம் உயிரோடு இருக்கும் ஒரு சங்கதியை. என் மனைவி கூடவே இருந்தது அதற்குப் பிறகு வந்த ஆறு மணி நேரத்தோடு. மூட்டையில் குத்திய அரிசி சாயங்காலம் கோதுமையாக மாறாது. அதனால், 'மாதிரியை எத்தனை மணிக்குப் பார்ப்பது?' என்ற கேள்வி சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நியாயமான வாய்ப்பு வேண்டுமென்றால் நான் அந்த மாலிலேயே ஆறு மணி நேரம் கையை முகர்ந்துகொண்டு உலாத்தியிருக்க வேண்டும். செக்யூரிட்டி சும்மா விட்டிருப்பாரா?

சரி, தோலின் மேல் என்னதான் நடக்கிறது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்ததும் முதலில் கிளம்புகிறவர் யார்? மொய் எழுதிவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்து, பீடாவைக் கையில் வாங்கிக்கொண்டே பைக்கை ஸ்டார்ட் பண்ணுகிற ஆபீஸ் நண்பர்கள். சத்தம், சிரிப்பு, போட்டோ எல்லாம் இவர்கள்தான். மதியத்துக்கு மேல் தூரத்துச் சொந்தம் கிளம்பும். சாயங்காலம், சமையல் பாத்திரத்தை எண்ணி ஒப்படைத்து, மிச்சமான காய்கறியைச் சாக்கில் கட்டி, ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்பவர்கள் சொந்த வீட்டு ஆட்கள்.

சென்ட்டும் இதேதான். அடித்தவுடன் ஆல்கஹால் பறந்துவிடும். அடுத்தது ஆரஞ்சு, எலுமிச்சை வகையறா. சின்ன மூலக்கூறுகள், லேசானவை, நிற்க நேரம் இல்லாதவை. ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமொனின் என்ற சரக்கு கொதிக்க 176 டிகிரி வேண்டும். மல்லிகையில் இருக்கும் இண்டோலுக்கு 254. கணக்கு கிட்டத்தட்ட இப்படித்தான் போகிறது. லேசானவை முதலில் ஓட, பூக்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க, சந்தனமும் கஸ்தூரி மாதிரியான சரக்குகளும் மறுநாள் காலைவரைகூடத் தோலைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. உச்சி, நெஞ்சு, அடி என்று மூன்று மாடியாக விற்பனைக்காரர்கள் இதைப் படம் போட்டுக் காட்டுவார்கள்.

இந்த மாடிக்கணக்கு ரொம்ப நாளாக எனக்குப் பிடித்திருந்தது. காரணம், அதில் ஒரு நீதி ரெடிமேடாக இருக்கிறது. 'முதலில் வருவது வேஷம், கடைசியில் நிற்பதுதான் நிஜம்.' நல்ல வாக்கியம். காலண்டரில் அச்சடிக்கலாம்.

ஆனால், அது தப்பு.

சந்தனம் பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? அது முதல் விநாடியிலேயே அங்கே இருந்தது. ஆரஞ்சு போட்ட சத்தத்தில் நம் மூக்குக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். மண்டபத்தில் பாத்திரம் எண்ணுகிற சித்தப்பா காலையிலும் அங்கேதான் இருந்தார், நாம் கவனிக்கவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில கஸ்தூரிச் சரக்குகளின் வாசனை சிலருடைய மூக்குக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. மற்றதெல்லாம் முகருவார்கள், அது மட்டும் பூஜ்யம். பிறவியிலேயே அப்படி.

அதே மாதிரி, ஆரஞ்சு பொய்யும் இல்லை. மற்ற வாசனைகளைப் போல அதுவும் அந்தப் பாட்டிலில் இருந்த சரக்குதான். அதன் ஆயுசு பதினைந்து நிமிஷம். சீக்கிரம் போய்விடுகிறது என்பதற்காக ஒன்றைப் பொய் என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் ஜாங்கிரி பொய், மழை பொய், குழந்தையின் மழலை பொய்.

கேப்ரியேல் வந்த அதே 2017-ல் கூச்சி கம்பெனி 'ப்ளூம்' என்று இன்னொரு வெள்ளைப் பூ சென்ட்டைக் கொண்டுவந்தது. அதில் மல்லிகை, சம்பங்கியோடு மூன்றாவதாக ஒரு பூவைப் பெருமையாகச் சேர்த்திருந்தார்கள். என்ன தெரியுமா? ரங்கூன் மல்லி! நம் தெருக்களில் காம்பவுண்டு சுவரில் கொத்துக்கொத்தாகத் தொங்குமே, அதுதான். அந்தக் கொடியைச் சாயங்காலம் பாருங்கள். புதுப் பூ வெள்ளையாக விரியும். மறுநாள் ரோஸ். அதற்கடுத்து சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இதில் எது உண்மையான ரங்கூன் மல்லி என்று எங்கள் தெருவில் இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை.

ஆக, 'எது நிஜம்?' என்று கேட்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. அந்த இடத்தில் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்தது. இது கொஞ்சம் உறுத்தலான கேள்வி.

எந்த வாசனை யாருக்குக் கிடைக்கிறது?

ஆரஞ்சை அனுபவித்தது கடைக்காரப் பெண்ணும் நானும். பூ வாசனை ஹோட்டலில் பக்கத்து டேபிளுக்குப் போனது. அந்தக் கடைசி வாசனை? ராத்திரி ஒரே வீட்டில், ஒரே அறையில் இருப்பவர்களுக்குத்தான். முக்கியமாக, போட்டுக்கொண்டவருக்கே அது சரியாகத் தெரியாது. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூக்கு பத்து இருபது நிமிஷத்தில் 'தெரியும், தெரியும்' என்று அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். அதனால்தான் சில பேர் வாசனையே வரவில்லை என்று மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறார்கள். மற்றவர்கள் மாடிப்படியைத் தேடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு குட்டி வாக்குமூலம்.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாசகர்கள் போன் செய்வது உண்டு. போன மாதம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். பொறுமையாக, சிரித்துச் சிரித்து இருபத்தைந்து நிமிஷம் பேசினேன். அவருடைய முழங்கால் வலிவரை விசாரித்தேன். போனை வைத்தவுடன் மகள், "அப்பா, அக்கவுன்ட்ஸ்ல ஒரு டவுட்..." என்று நோட்டோடு வந்தாள். "அப்புறம் பாக்கலாம். இப்பதானே உக்காந்தேன்" என்றேன். குரலில் ஒரு கிராம் சர்க்கரைகூட இல்லை. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது:

"இவ்வளவு நேரம் போன்ல பேசிட்டிருந்தாரே, அவர் ரொம்ப நல்லவரா இருக்காரே. ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்களேன்."

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இந்த வசனம் வேறு வார்த்தைகளில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஆடிட்டர் நண்பனிடம் இதைச் சொன்னேன். "வெளியில நடிப்பு, வீட்டுல நிஜம். எல்லா ஆம்பளையும் அப்படித்தான்டா" என்று ஃபைலை மூடினான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. திருநெல்வேலிப் பெரியவரிடம் நான் நடிக்கவில்லை, சத்தியமாக. அந்த இருபத்தைந்து நிமிஷ அன்பு ஒரிஜினல் சரக்கு. பிரச்னை அது போலி என்பதில்லை. அது சீக்கிரம் தீர்கிறது, தீர்வதற்குள் வெளியாட்கள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதுதான். காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தேய்மானத்தில் குறையும் மதிப்பு முறை. முதல் வருஷத்தில்தான் மிஷின் அதிகம் தேயும். என்னுடைய முதல் வருஷம் தினமும் ஆபீஸில் கழிகிறது.

'வீட்டில்தானே நான் நானாக இருக்க முடியும்?' என்று இதற்கு ஒரு பதில் எல்லோரிடமும் ரெடியாக இருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. மல்லிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே சொன்ன இண்டோல் மல்லிகை வாசனையில் ஒரு சின்னப் பங்கு. தனியாக எடுத்து முகர்ந்தால் அந்துருண்டை மாதிரி இருக்குமாம். இன்னும் கூட்டினால், மன்னிக்கவும், கழிப்பறை. மலத்திலும் இருக்கிற பொருள்தான் அது. 'அந்த அசிங்கம் எதற்கு?' என்று அதை நீக்கிவிட்டு மல்லிகை வாசனை தயாரிக்கலாம், தயாரிக்கிறார்கள். சுத்தமாக இருக்கும். ஆனால், சோப்பு மாதிரி இருக்கும். மல்லிகையை மல்லிகையாக்குவது அந்தத் துளி அழுக்கு. சம்பங்கியின் ரகசியம் இதைவிட வேடிக்கை. மூட்டுவலிக்குத் தேய்க்கிற தைலங்களில் வருமே, மெத்தில் சாலிசிலேட், அது சம்பங்கிப் பூவுக்குள்ளேயே இருக்கிறது. செர்ஜ் லூட்டன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் 1999-ல் வந்த ஒரு சம்பங்கி சென்ட் முதல் சில நிமிஷம் அந்தத் தைல வாடையைத்தான் முகத்தில் அடிக்கும். பூ அதற்கப்புறம்தான். அதற்கு வைத்த பெயரிலேயே 'குற்றவாளி' என்ற வார்த்தை இருக்கிறது! கடுகடுப்பை முதலிலேயே காட்டிவிட்டு அப்புறம் இனிக்கிற மனிதர்கள் எனக்கு இரண்டு பேர் தெரியும். இருவருக்கும் நண்பர்கள் குறைவு, இருக்கிற நண்பர்கள் நாற்பது வருஷப் பழக்கம்.

ஆக, வீட்டில் கொஞ்சம் இண்டோல் இருக்கத்தான் செய்யும். ஆனால், பங்கு என்ன என்பதுதான் கேள்வி. துளி இருந்தால் மல்லிகை. நான் வீட்டுக்குக் கொண்டுவருவது துளியா?

தப்பிக்க இன்னொரு வழியும் கிடைத்தது. அறிவியல் வழி! 2012-ல் ப்ராக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆட்களின் ஒரு அக்குளில் அவர்களே தேர்ந்தெடுத்து வழக்கமாகப் போடுகிற சென்ட், இன்னொரு அக்குளில் ஆராய்ச்சியாளர்கள் கொடுத்த சென்ட். பிறகு அந்த வாசனையை வேறு ஆட்களை முகர்ந்து மார்க் போடச் சொன்னார்கள். பாட்டிலில் இருக்கும்போது இரண்டு சென்ட்டுக்கும் மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை. தோல் வாசனையோடு கலந்ததும், அவரவர் தேர்ந்தெடுத்ததற்கே மார்க் அதிகம். (முகர்ந்து மார்க் போட்டவர்களுக்குத் தனியாக ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்!) அதாவது, பாட்டிலுக்குள் ஒரு வாசனையும் முடிவாவதில்லை. தோலின் சூடு, எண்ணெய்ப்பசை, அதற்கென்று இருக்கும் வாசம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வறண்ட தோலில் சீக்கிரம் பறக்கும், எண்ணெய்த் தோலில் தங்கும். என் கையில் அடித்துப் பார்த்து மனைவிக்கு வாங்கியதே முட்டாள்தனம் என்று அப்போதுதான் உறைத்தது.

இதை வைத்து ஒரு வாதம் தயாரித்தேன். மனிதனும் அப்படித்தானே, யாரோடு இருக்கிறோமோ அதைப் பொறுத்துத்தானே நம் வாசனை? மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப தப்பு எங்க தோல் மேலயா?" என்றார். வாதம் வாபஸ்.

இதுவரை எழுதிவிட்டு இரண்டு நாள் இந்தக் கட்டுரையை அப்படியே வைத்திருந்தேன். முடிக்கத் தெரியவில்லை. அதற்குள் வீட்டில் ஒன்று நடந்தது.

என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்தாறு வயது. நிலக்கோட்டைப் பக்கத்து ஊர். பூ மார்க்கெட்டுக்குப் பேர் போன இடம். அந்தப் பகுதி மல்லிகை இன்று பாரிஸ்வரைக்கும் போகிறது. சென்ட் பாக்டரிகளில் மெழுகு மாதிரி பிழிந்தெடுத்து, டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கினோம், பேப்பரில் நானே அந்தச் செய்தியை எடிட் செய்திருக்கிறேன். அம்மா சின்ன வயதில் விடியாத நேரத்தில் மல்லிகை மொட்டுப் பறித்தவர். இதை அவர் எப்போதோ ஒருமுறை சொல்லியிருக்கிறார். நான் மேற்கொண்டு கேட்டதில்லை.

அப்பா தவறியது 1998-ல். அன்றிலிருந்து அம்மா பூ வைத்துக்கொண்டதில்லை. வைக்காதே என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. வைத்துக்கொள் என்றும் யாரும் சொல்லவில்லை. பெண்ணுரிமை பற்றி இந்தப் பக்கத்திலேயே மூன்று கட்டுரை எழுதியிருக்கும் நானும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் விளையாட்டாக அந்த பாட்டிலை எடுத்து வந்து, "அப்பத்தா, கையைக் காட்டுங்க" என்று சொல்லி, அவர் காட்டுவதற்குள் மணிக்கட்டில் அடித்துவிட்டாள். "ஐயய்யோ... என்னடி இது! எனக்கெதுக்குடி இதெல்லாம்?" என்று அம்மா பதறிப்போய் பாத்ரூமுக்கு ஓடினார். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டேயிருந்தேன்.

சோப்புக்கு ஆரஞ்சு போகும். பூவும் பெரும்பாலும் போகும். கஸ்தூரிச் சரக்கு தண்ணீரில் கரையாது. துணி துவைக்கும் பவுடரில் அதைச் சேர்ப்பதே, அலசி உலர்த்திய பிறகும் துணியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால்தான்.

ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கவேண்டும். வழக்கமாக மனைவி கொடுப்பார். அன்றைக்கு அவருக்குத் தலைவலி, நான் எடுத்துக்கொண்டு போனேன். அறையில் விடிவிளக்கு மட்டும். அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. மணிக்கட்டை மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. சோப்பு போட்டும் போகல பாரு."

மாத்திரையை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. "என்ன பூடா இது?" என்றார்.

"நாலு பூம்மா. மேல ஆரஞ்சு தெரியும், அப்புறம்..."

"ஆரஞ்சும் இல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரி தலையிலேர்ந்து எடுத்துத் தலகாணிக்குப் பக்கத்துல வச்சுட்டுப் படுப்போம்ல... வாடின பூ. விடியக்காலைல பாத்தா பழுப்பாயிருக்கும். அந்த வாசம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்கப்பாவுக்கு அது புடிக்கும்" என்றார்.

ஹாலில் என் போன் அடித்தது. "என்னங்க, உங்களுக்குத்தான்... ஏதோ புது நம்பர்" என்று மனைவி குரல் கொடுத்தார். வாசகராக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் நிறையப் பேர் கூப்பிடுவார்கள்.

டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மொட்டு பறிக்க எத்தனை மணிக்கும்மா எந்திரிப்ப?" என்றேன்.